பதினாலா, நாலா? வைஃபை ரோமிங் பற்றிச் சில குறிப்புகள்

போன வருடக் கடைசியில் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். ஒரு மருத்துவமனையில் கணினி, நெட்வொர்க் எல்லாம் அவன் பொறுப்பு. "வைஃபை நல்லாத்தான் இருக்கு. எங்க நின்னாலும் ஃபுல் சிக்னல். ஆனா நடந்துக்கிட்டே பேசினா கட் ஆகுதுங்கிறாங்க. ஒரு நாள் வந்து பாரேன்" என்றான்.

அங்கே வார்டுக்கு ஒரு கைபேசி வைத்திருக்கிறார்கள். சிம் கிடையாது. மருத்துவமனைக்குள் வைஃபை வழியாகப் பேச ஒரு செயலி மட்டும்தான். இரவில் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நோயாளியின் படுக்கைக்கு நடந்து போவார்கள். மூத்த சிஸ்டர் ஒருவர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"இந்த லிஃப்ட் தாண்டினதும் போயிடும் சார். அரை செகண்டு, ஒரு செகண்டு. அப்புறம் தானா வந்திடும். அதனால நாங்க லிஃப்டுக்கு இந்தப் பக்கமே நின்னு பேசி முடிச்சிட்டுத்தான் வார்டுக்குள்ள போறது."

அரை விநாடிதானே என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே சொன்னார்: "போன வாரம் டாக்டர் இன்சுலின் எத்தனை யூனிட்னு சொல்றாரு. எனக்கு நாலுன்னு கேட்டுச்சு. சந்தேகமா இருந்துச்சு, திருப்பிக் கேட்டேன். பதினாலு."

'பதி' என்று சொல்ல கால் விநாடிகூட ஆகாது. அது விழுந்துவிட்டால் மிச்சம் இருப்பது 'னாலு'. அதுவும் ஒரு முழுமையான, நம்பும்படியான எண்தான். அன்றிலிருந்து இந்த அரை விநாடி எங்கே போகிறது என்று தேடிப் படித்ததையும், நடுவில் நானே செய்த ஒரு தப்பையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிவு யார் கையில்?

ரயிலில் போகும்போது செல்பேசியில் பேசுகிறோம். ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறிக்கொண்டே போகிறோம், பேச்சு அறுவதில்லை. அப்படியிருக்க, ஒரே கட்டடத்துக்குள் இருபது அடி நடந்தால் வைஃபை ஏன் தடுமாறுகிறது?

இரண்டிலும் அலைவரிசைகள் வேறு, தூரம் வேறு என்பதெல்லாம் உண்மை. ஆனால் முக்கியமான வித்தியாசம் அதுவல்ல, மாறும் முடிவை யார் எடுக்கிறார்கள் என்பது.

செல்பேசி வலையமைப்பில், பேசிக்கொண்டிருக்கும்போது போனின் வேலை அளந்து சொல்வது மட்டும்தான். 'இந்த டவர் இவ்வளவு கேட்கிறது, பக்கத்து டவர் இவ்வளவு கேட்கிறது' என்று அறிக்கை அனுப்பும். 'சரி, நீ அங்கே போ' என்று உத்தரவு போடுவது வலையமைப்பு. அதற்கு முன்பே புது டவரிடம் சொல்லி இடமும் ஒதுக்கிவிடும். பேசும்போதே இடம் மாற்றும் இந்த யோசனை செல்பேசிக்கு அடித்தளம். பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் இதற்கு 1972இல் காப்புரிமை பெற்றார். கையில் அடங்கும் செல்பேசி கடைக்கு வருவதற்கு வெகு முன்பே இதை யோசித்து வைத்துவிட்டார்கள்.

வைஃபையின் பிறப்பு வேறு மாதிரி. 802.11 என்ற முதல் தரநிலை 1997இல் வந்தது. அதன் நோக்கம் ஈதர்நெட் கேபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரேடியோவை வைப்பது. மேஜைக்கு மேஜை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவார்கள், போன பிறகு உட்கார்ந்து வேலை செய்வார்கள் என்பதுதான் அன்றைய கற்பனை. அதனால் எந்த அக்சஸ் பாயிண்டில் சேர்வது, எப்போது விலகுவது என்ற முடிவு முழுக்க முழுக்கக் கருவியின் கையில் விடப்பட்டது. எந்த அளவுக்குப் போனால் மாற வேண்டும் என்று தரநிலை எதையும் விதிக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி எழுதிக்கொண்டது. அக்சஸ் பாயிண்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 802.11எஃப் என்று ஒரு பரிந்துரை 2003இல் வந்தது. யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 2006இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆக, வராந்தாவில் சிஸ்டர் நடக்கும்போது, எப்போது தாவுவது என்று தீர்மானிப்பது கூரையில் இருக்கும் அக்சஸ் பாயிண்ட் இல்லை. அவர் கையில் இருக்கும் போன்.

போனும் லேசில் முடிவெடுக்காது. ஆப்பிள் தன் ஐபோன்களுக்கான கணக்கை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடவே ஆரம்பிக்கும். (மைனஸ் 70 டிபிஎம் என்பது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சன்னமான சத்தத்தை வைத்துத்தான் நாம் வீடியோ பார்க்கிறோம்.) தேடிக் கிடைத்த புது இடமும், தரவு போய்க்கொண்டிருக்கும் நேரமென்றால் 8 டெசிபல், சும்மா இருக்கும் நேரமென்றால் 12 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் தாவும்.

இந்த இடைவெளி ஏன்? இல்லாவிட்டால் இரண்டு அக்சஸ் பாயிண்டுக்கு நடுவில் நிற்கிற போன், கை கொஞ்சம் அசைந்தாலே அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர், ஜன்னலோர சீட் காலியான மாதிரி தெரிந்தாலும் உடனே எழுந்துவிட மாட்டார் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் இந்த ஜாக்கிரதை அதிகமானால் வேறு தொல்லை. பக்கத்திலேயே நல்ல சிக்னல் இருக்க, பழையதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். இத்தகைய கருவிகளுக்கு இந்தத் துறையில் 'ஸ்டிக்கி கிளையண்ட்' என்று பெயர்.

நான் செய்த தப்பு

இதெல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் முதல் நாள் போனேன். போய்ச் செய்ததோ எல்லோரும் செய்கிற காரியம். லிஃப்ட் பக்கம் சிக்னல் குறைகிறது, அப்படின்னா அக்சஸ் பாயிண்டுகளின் பவரைக் கூட்டு. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். நடந்து பார்த்தேன். லிஃப்ட் அருகே கட் ஆகவில்லை. திருப்தியாகக் கிளம்பி வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து நண்பனிடமிருந்து போன். சிஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னான்: "இப்ப லிஃப்ட்கிட்ட கட் ஆகல. வார்டுக்குள்ள போய் பெட் பக்கத்துல நிக்கும்போது கட் ஆகுது. முன்னாடியாவது எங்க நிக்கணும்னு தெரியும்."

நடந்தது இதுதான். பவரைக் கூட்டியதும் பழைய அக்சஸ் பாயிண்டின் குரல் அடுத்த வார்டு வரை எட்டியது. போன் அளந்து பார்க்கிறது: மைனஸ் 70க்கு மேலே இருக்கிறது, சரி, தேட வேண்டியதில்லை. ஆனால் பேச்சு இரண்டு பக்கமும் போக வேண்டுமே? போனின் ரேடியோ சின்னது, பேட்டரியில் ஓடுவது. அக்சஸ் பாயிண்டின் பவரை நான் கூட்டினேன், போனின் பவரை யார் கூட்டுவார்கள்? ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறவரைத் தெருமுனையிலிருந்து நன்றாகக் கேட்கலாம். நாம் அங்கிருந்து பதில் சொன்னால் அவருக்குக் கேட்காது. அதே கதை. போனுக்குச் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும். போன் அனுப்புவது மட்டும் போய்ச் சேராது. அனுப்பி அனுப்பிப் பார்த்து ஓய்ந்த பிறகு, வேறு வழியில்லாமல் அறுத்துக்கொண்டு தேட ஆரம்பிக்கும். அறுந்த பிறகு தேடுவது, இருக்கும்போதே தேடுவதைவிட மோசம்.

தெரிந்த இடத்தில் இருந்த ஒரு குழியை மூடுகிறேன் என்று தெரியாத இடத்தில் வேறொன்று தோண்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

அரை விநாடியின் கணக்கு

ஒரு தாவலில் மூன்று வேலைகள் இருக்கின்றன: தேடுவது, சேர்வது, பூட்டைத் திறப்பது.

முதலில் தேடுவது. போனில் இருக்கும் வைஃபை ரேடியோ பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் காது கொடுக்கும். அக்சஸ் பாயிண்டுகள் வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒரு தடவை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு பீக்கன் அனுப்பும். சும்மா காத்திருந்து கேட்பதென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸின் 13 சேனல்களுக்கே ஒன்றே கால் விநாடிக்கு மேல் ஆகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் இருபதுக்கு மேற்பட்ட சேனல்கள். அதனால் போன் தானே 'யாராவது இருக்கீங்களா?' என்று ஒவ்வொரு சேனலிலும் கேட்டு, சில மில்லி விநாடி காத்திருந்து, அடுத்ததுக்குப் போகும். சேனல் எண்ணிக்கையால் பெருக்கினால் அதுவும் நூற்றுக்கணக்கான மில்லி விநாடி.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மிஸ்ரா, ஷின், அர்பாக் மூவரும் 2003இல் இதை அளந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தாவலுக்கு ஆகும் நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தத் தேடலுக்கே போகிறது என்பது அவர்கள் கண்டது. கார்டுக்குக் கார்டு நேரம் ஏகத்துக்கு மாறுகிறது என்பதும்தான். முடிவைக் கருவியின் கையில் விட்டால் வேறு என்ன நடக்கும்?

போன்கள் இதில் ஒரு சின்னத் தந்திரம் செய்யும். பேசிக்கொண்டிருக்கும் அக்சஸ் பாயிண்டிடம் 'நான் கொஞ்சம் தூங்கப் போறேன்' என்று சொல்லிவிட்டு, உண்மையில் தூங்காமல் பக்கத்துச் சேனலுக்குப் போய் ஒரு நோட்டம் விட்டு வரும். அக்சஸ் பாயிண்ட் அதுவரை வந்த பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருந்து கொடுக்கும். பாவம், அது நம்பிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது சேர்வது. இரண்டு ஜோடிச் செய்திகள். சில மில்லி விநாடிதான், கவலை இல்லை.

மூன்றாவது பூட்டைத் திறப்பது. வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதிலிருந்து புதுச் சாவி உருவாக்க நாலு செய்திகள் போதும். மருத்துவமனை, கல்லூரி மாதிரி இடங்களில் ஆளுக்கொரு கணக்கு இருக்கும். அதைச் சரிபார்க்க ஒரு சர்வர் இருக்கும். நான் பார்த்த இடத்தில் அந்த சர்வர் வேறு ஊரில், தலைமை அலுவலகத்தில் இருந்தது. ஒரு முழுச் சரிபார்ப்புக்குச் செய்திகள் பத்துத் தடவை அளவுக்குப் போய்வர வேண்டும். ஒரு தடவை போய்வர 30 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால்கூட 300 மில்லி விநாடி. லிஃப்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததற்கு, அடுத்த ஊர் வரை போய் 'இது நம்ம சிஸ்டர்தானா?' என்று கேட்டுவிட்டு வருகிறது.

குரல் பாக்கெட்டுகள் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒன்று. 600 மில்லி விநாடி இடைவெளி என்றால் 30 பாக்கெட்டுகள் காலி. கோப்பு இறக்கும்போது தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கலாம். பேச்சில் அப்படி வாங்கிப் பிரயோஜனமில்லை, நேரம் கடந்த குரலை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? செயலி அந்த இடத்தை மௌனமாக விட்டுவிடும், அல்லது முன்னால் வந்த சத்தத்தை இழுத்துப் பூசிவிடும். 'பதி' அங்கேதான் போனது.

மூன்று எழுத்துகள்

இந்தக் கணக்கு புரிந்த பிறகு தீர்வுகள் தாமாகவே புரிகின்றன. 802.11 குடும்பத்தில் மூன்று திருத்தங்கள்.

802.11கே, 2008இல் வந்தது. அக்சஸ் பாயிண்ட் தன் அண்டை வீட்டார் பட்டியலைப் போனுக்குக் கொடுக்கும்: 'பக்கத்துல இருக்கறது ரெண்டு பேரு, ஒருத்தர் 36லயும் இன்னொருத்தர் 44லயும் இருக்காங்க.' முப்பத்து சொச்சம் சேனல்களைத் துழாவ வேண்டாம், இரண்டை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

802.11வி, 2011இல் வந்தது. 'நீ அங்கே மாறினால் நல்லது' என்று அக்சஸ் பாயிண்ட் யோசனை சொல்ல இது வழி செய்கிறது. யோசனைதான், உத்தரவு இல்லை. போன் மறுக்கலாம். செல்பேசி உலகத்தின் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வைஃபைக்குள் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

802.11ஆர், 2008. பூட்டு விவகாரத்துக்கு. முதல் தடவை சேரும்போது மட்டும் முழுச் சரிபார்ப்பு. அதில் கிடைத்த தாய்ச்சாவியிலிருந்து ஒவ்வொரு அக்சஸ் பாயிண்டுக்கும் தனித்தனிச் சாவி உருவாகும். தாவும்போது சேர்வதற்கான அதே நாலு செய்திகளுக்குள்ளேயே சாவி வேலையும் முடிந்துவிடும். அடுத்த ஊர் வரை போக வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில பழைய கருவிகளுக்கு 'ஆர்' புரியாது. அந்த விளம்பரத்தைப் பார்த்தால் சேரவே சேராது. நான் போட்டுப் பார்த்த அன்று ஒரு லேபிள் பிரிண்டர் காணாமல் போய்விட்டது. பிறகு வார்டு கைபேசிகளுக்கு மட்டும் தனி வைஃபை பெயர் வைத்து அதில் மூன்றையும் போட்டோம். மற்றவை பழைய பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டோம்.

பவரை இந்த முறை குறைத்தேன். அக்சஸ் பாயிண்டின் குரல், போனின் குரல் போய்ச் சேரும் தூரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அளவு. கூடவே 1, 2 எம்பிபிஎஸ் மாதிரி மிக மெதுவான வேகங்களை நிறுத்திவிட்டேன். அவை இருந்தால் தூரத்துப் போன் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே தொங்கும். சிக்னல் கோடுகள் பார்க்கக் குறைவாகத்தான் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நண்பனிடம் முதலிலேயே சொல்லி வைத்தேன்.

முகவரியே மாறிவிட்டால்?

இதுவரை சொன்னது ரேடியோ சமாச்சாரம். அதற்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறது. ஐபி முகவரி.

ஒரு டிசிபி இணைப்பை அடையாளம் காட்டுவது நாலு எண்கள்: நம் முகவரி, நம் போர்ட், அவர் முகவரி, அவர் போர்ட். இதில் ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. இரண்டு அக்சஸ் பாயிண்டும் ஒரே சப்நெட்டில் இருந்தால் தாவினாலும் முகவரி மாறாது, மேலே இருக்கும் செயலிக்கு விஷயமே தெரியாது. வேறு சப்நெட் என்றால், ரேடியோ எவ்வளவு வேகமாகத் தாவினாலும் இணைப்பு செத்துப்போகும். அடிப்படைக் கோளாறு, ஐபி முகவரி இரண்டு கேள்விகளுக்கு ஒரே பதிலாக இருப்பது: நீ யார், நீ எங்கே இருக்கிறாய். இடம் மாறினால் ஆளே மாறிவிட்டதாக எதிர்முனை நினைக்கிறது.

1996இல் சார்லஸ் பெர்கின்ஸ் தொகுத்த மொபைல் ஐபி இதற்கு ஒரு வழி சொன்னது. சொந்த ஊர் முகவரி நிரந்தரம். அங்கே ஒரு முகவர் இருந்துகொண்டு, வரும் தபாலையெல்லாம் நாம் இப்போது தங்கியிருக்கும் முகவரிக்குத் திருப்பி அனுப்புவார். அழகான யோசனை. ஆனால் எல்லாப் பாக்கெட்டும் ஊர் சுற்றி வர வேண்டும், வழியில் ஃபயர்வால்கள் மறிக்கும். பொது இணையத்தில் அது பரவவில்லை. அலுவலக வைஃபைகளில் இதே வேலையைக் கன்ட்ரோலர் என்ற பெட்டி உள்ளுக்குள்ளேயே சுரங்கம் போட்டுச் செய்கிறது.

2021இல் தரநிலையான க்விக் நெறிமுறை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இணைப்புக்கு முகவரியோடு சம்பந்தமில்லாத ஓர் அடையாள எண். முகவரி மாறினாலும் அந்த எண்ணைக் காட்டி 'நான்தான்' என்று தொடரலாம். வலையமைப்பு செய்யட்டும் என்று காத்திருந்ததை இரண்டு முனைகளும் தாங்களே செய்துகொள்கின்றன.

வீட்டில் என்ன செய்யலாம்

நிறைய வீடுகளில் மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் வாங்கி அப்படியே செருகிவிடுகிறார்கள். அது தனக்கென்று ஒரு சப்நெட் வைத்துக்கொள்ளும். மாடிப்படி ஏறும்போது முகவரி மாறும், பேச்சு அறும். அதை 'அக்சஸ் பாயிண்ட் மோடு'க்கு மாற்றுங்கள், அல்லது அதன் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டுக் கேபிளை லேன் துளையில் செருகுங்கள். முகவரி கொடுக்கும் வேலையை ஒரே ரவுட்டர் செய்யட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இவற்றில் ஆளுக்கொன்று. பவரை உச்சத்தில் வைக்காதீர்கள். பிறகு ரவுட்டருக்கு பிங் ஓட விட்டுக்கொண்டு கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். எத்தனை பதில் தவறுகிறது என்று எண்ணினால் போதும், வேறு கருவி வேண்டாம்.

மருத்துவமனையில் நாங்களும் அப்படித்தான் நடந்தோம். விநாடிக்குப் பத்து பிங். முன்பு லிஃப்ட் அருகே ஏழெட்டு தவறும். இப்போது ஒன்று, பல தடவை அதுவும் இல்லை. சிஸ்டரிடம் "இனிமே நின்னு பேச வேண்டாம்" என்றேன். போனில் பேசிக்கொண்டே லிஃப்டைத் தாண்டி, வார்டுக்குள் போய், படுக்கை வரை நடந்து பார்த்தார்.

கணினி வலையமைப்பில் ஒரு பழைய வாதம் உண்டு. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984இல் எழுதியது. நடுவில் இருக்கும் வலையமைப்பு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும், தகவல் சரியாக வந்ததா என்பதைக் கடைசியில் இரண்டு முனைகளும்தான் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையை நான் பல தடவை படித்திருக்கிறேன். சிஸ்டர் படித்திருக்க மாட்டார்.

கிளம்பும்போது அவர் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "பதினாலா டாக்டர்? ஒண்ணு, நாலு. பதினாலு. சரி டாக்டர்." சத்தம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் திருப்பிக் கேட்கிறார். இனிமேல் கேட்கத் தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.